நூரெம்பர்க்கில் இரண்டு நாள்

நூரெம்பர்க் என்னும் பெயரைச் சொன்னால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று ஞாபகத்துக்கு வரும். சித்திரக் கலையில் ருசியுள்ளவர்களுக்கு ஆல்பிரெஷ்ட் ட்யூரர். ஜெர்மன் குழந்தைகளுக்கு மரப் பொம்மையும் தகரப் பொம்மையும். தின்பண்டப் பிரியர்களுக்கு ஏலமும் கிராம்பும் மணக்கும் ஒரு வகைத் தேன் ரொட்டி. வக்கீல்களுக்கு ஒரு மகா பெரிய வழக்கு. எஞ்சியவர்களுக்கெல்லாம் ஹிட்லர். ஒரே ஊர் இவ்வளவையும் எப்படித்தான் சுமந்துகொண்டிருக்கிறது என்று நேரில் பார்க்கும் சந்தர்ப்பம் 2018ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில் எனக்குக் கிடைத்தது.

அப்போது ம்யூனிக் நகரில் வேலையாயிருந்த ஓர் எஞ்சினீயர் நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். ஊரில் 'அக்டோபர் திருவிழா' அமர்க்களப்பட்டுக் கொண்டிருந்தது. பெயர்தான் அக்டோபர், செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். லக்ஷக்கணக்கான ஜனங்கள் பெரிய பெரிய கூடாரங்களில் உட்கார்ந்து பீர் குடிப்பதுதான் உற்சவத்தின் பிரதான அம்சம். பீர் குடிக்காதவனுக்கு அந்தச் சமயத்தில் அந்த ஊரில் நிற்கவும் இடமில்லை. "சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கேயாவது ஓடிப் போய்விடலாம், ஸார்!" என்றார் நண்பர். அவருடைய மனைவி ஒரு டாக்டர். அந்த அம்மாளுக்குச் சிநேகமான ஒரு ஜெர்மன் பள்ளி ஆசிரியை நூரெம்பர்க்கில் பிறந்து வளர்ந்தவர்; வயது அறுபதைத் தொட்டுக் கொண்டிருந்தது. அவரும் வருவதாகச் சொல்லவே, நால்வருமாகப் புறப்பட்டோம். துரித ரயில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டது.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் எதிரே கோட்டை மதில்தான். வட்டமான பெரிய கோபுரம் ஒன்று பட்டணத்தின் காவற்காரனைப்போல் வாசலில் நிற்கிறது. பழைய ஊரைச் சுற்றி ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் நீளம் போட்ட மதிலில் பெரும் பகுதி இன்னமும் இருக்கிறது. நடுவே பெக்னிட்ஸ் என்னும் சிறு நதி ஓடுகிறது. நதி என்று அவர்கள் சொல்கிறார்கள். காவேரிக் கரையில் பிறந்தவர்கள் வாய்க்கால் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் அதன்மேல் கவிந்திருக்கும் கல் பாலங்களும், தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மர வீடுகளும் சித்திரத்தில் எழுதியதுபோல் இருக்கின்றன.

இந்த ஊரின் பெயர் முதன்முதல் ஒரு சாஸனத்தில் காணப்படுவது 1050ஆம் ஆண்டில். பிற்பாடு இது எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் சக்கரவர்த்தி ஒருவருக்கே கட்டுப்பட்ட சுதந்திர நகரமாயிற்று. வர்த்தகக் குடும்பங்கள் சேர்ந்த ஒரு சபைதான் ஆட்சி நடத்தியது. 1356இல் நாலாவது சார்லஸ் சக்கரவர்த்தி வெளியிட்ட 'பொன் முத்திரைச் சாஸனம்', புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வோர் அரசரும் தமது முதல் மகாசபையை நூரெம்பர்க்கில் கூட்டவேண்டும் என்று விதித்தது. சாம்ராஜ்யத்தின் கிரீடம், செங்கோல் முதலியவை 1424 முதல் 1796 வரையில் இங்கேதான் பத்திரமாயிருந்தன. இவையெல்லாம் பழங்கதைதானே என்று நேயர்கள் இந்தப் பாராவைத் தாண்டிப் போய்விடக் கூடாது. ஹிட்லர் ஏன் இந்த ஊரைப் பொறுக்கி எடுத்தான் என்பதற்கு இதில்தான் விடை இருக்கிறது.

நாங்கள் கடைவீதிச் சதுக்கத்தை அடைந்தபோது மணி பன்னிரண்டு அடிக்கச் சில நிமிஷம் இருந்தது. சதுக்கம் நிறைய ஜனங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரே மாதா கோவில். அதன் முகப்பில் 1509இல் பூர்த்தியான ஒரு கடிகாரம். நடுப்பகல் மணி அடித்ததும் ஒரு சிறு கதவு திறந்து, செந்நிற அங்கி பூண்ட ஏழு பொம்மைகள் வரிசையாக வெளிவந்து, நடுவில் கொலுவீற்றிருக்கும் சக்கரவர்த்தியை மூன்று முறை பிரதக்ஷிணம் செய்து மறைகின்றன. அரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற ஏழு பிரபுக்கள் இவர்கள். வீற்றிருப்பவர் அந்த நாலாவது சார்லஸ்தான். குழந்தைகள் கை கொட்டினார்கள். எங்கள் எஞ்சினீயரும் கை கொட்டினார்.

"இந்தக் கோவில் இருக்குமிடத்தில் முன்பு என்ன இருந்தது தெரியுமா?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார். யூதர்களுடைய ஜெபாலயம் இருந்ததாம். சதுக்கம் முழுவதும் அவர்களுடைய வீடுகள். 1349ஆம் ஆண்டு நவம்பரில், அந்த வீடுகளை இடித்துக் கடைவீதி போட்டுக்கொள்ளலாம் என்று சார்லஸ் சக்கரவர்த்தி நகரசபைக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். டிசம்பர் 5ஆம் தேதி கலகம் மூண்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் இந்த அழகான மாதா கோவில். டாக்டர் அம்மாள் கடிகாரத்தை மறுபடியும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பொம்மைகள் உள்ளே போய்க் கதவு சாத்தியிருந்தது.

மத்தியானப் போஜனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரல் நீளமுள்ள சிறு சிறு மாமிசக் குழல்களை விறகு நெருப்பில் வாட்டி, மூன்று மூன்றாக ரொட்டிக்குள் வைத்துக் கொடுப்பது இந்த ஊரின் விசேஷம். எஞ்சினீயர் தமது சைவ விரதத்தை ம்யூனிக் ஸ்டேஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். டாக்டர் அம்மாளும் நானும் உருளைக்கிழங்கோடும், முன்சொன்ன தேன் ரொட்டியோடும் திருப்தியடைந்தோம். 'லெப்கூகென்' என்று அதற்குப் பெயர். தேன், பருப்பு, லவங்கப்பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் சேர்ந்தது. "மாமா, இது கிறிஸ்துமஸ் பலகாரமா, பிரசவ லேகியமா?" என்றாள் அந்த அம்மாள். அவ்வளவு காரசாரமான வாசனை!

ஏலத்துக்கும் கிராம்புக்கும் இந்தக் குளிர் தேசத்தில் என்ன வேலை? நூரெம்பர்க் வர்த்தகர்கள் வெனிஸ் துறைமுகத்தோடு நெடுங்காலம் வியாபாரம் செய்தவர்கள். போர்த்துகீசியர் இந்தியாவுக்குக் கடல் வழி கண்டுபிடித்ததும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1505இல் அல்மெய்டாவின் தலைமையில் மலையாளக் கரைக்குப் புறப்பட்ட கப்பற்படையில், இம்ஹோஃப், ஹிர்ஷ்வோகல் என்ற இரண்டு நூரெம்பர்க் குடும்பங்கள் மிளகை உத்தேசித்துப் பணம் போட்டிருந்தன. பணக்கார வர்த்தகனுக்கு ஜெர்மானியர் வைத்த பரிகாசப் பெயர் 'மிளகுச் சாக்கு'!

மிளகு வந்த அதே வழியில் வேறொன்றும் வந்தது. அதைப் பார்ப்பதற்காகத்தான் ட்யூரருடைய வீட்டுக்குப் போனோம். கோட்டையின் அடிவாரத்தில், கீழே கல்லும் மேலே மரச் சட்டமும் சுண்ணாம்புமாக நிற்கும் உயரமான வீடு அது. 1509 முதல் 1528இல் காலமாகும் வரையில் ட்யூரர் அங்கே வசித்தார். ட்யூரரின் மனைவி ஆக்னெஸாக வேஷம் பூண்ட ஒரு நடிகை வந்தவர்களை வரவேற்று, சமையற்கட்டு முதல் அச்சுக்கூடம் வரையில் சுற்றிக் காட்டுகிறாள். "என் புருஷர் படம் எழுதுவார், சந்தையில் கொண்டுபோய் விற்கிறவள் நான்" என்று அவள் சொன்னபோது கூட்டத்திலிருந்த ஸ்திரீகள் எல்லோரும் ஒரு மாதிரியாகத் தங்கள் கணவன்மார்களைப் பார்த்தார்கள்.

குஜராத்தை ஆண்ட முஸஃபர் ஷா சுல்தான், போர்த்துகீசியக் கவர்னர் அல்புகெர்க்குக்கு ஒரு காண்டாமிருகத்தைப் பரிசாக அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று கவர்னருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. தம்முடைய அரசருக்கு அனுப்பிவிட்டார். கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20ஆம் தேதி அது லிஸ்பனில் இறங்கியது. ரோமாபுரிக் காலத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் ஒருவரும் காண்டாமிருகத்தைக் கண்டதில்லை. அதைப் பற்றிய ஒரு கடிதமும், அவசரமாகக் கிறுக்கிய ஒரு படமும் நூரெம்பர்க்குக்கு வந்து சேர்ந்தன. ட்யூரர் லிஸ்பனுக்குப் போகவில்லை, மிருகத்தைப் பார்க்கவுமில்லை. கேட்டதைக் கொண்டு மரப்பலகையில் செதுக்கச் சித்திரம் எழுதிவிட்டார். தோலெல்லாம் இரும்புக் கவசம்போல் தகடு தகடாயிருக்கிறது. பிடரிக்கருகில் இல்லாத கொம்பு ஒன்று கூடுதலாக முளைத்திருக்கிறது. ஆனால் என்ன கம்பீரம்! இருநூறு வருஷத்துக்கு மேல் ஐரோப்பியப் புஸ்தகங்களில் காண்டாமிருகம் என்றால் இந்தப் படத்தைத்தான் பிரதி செய்தார்கள். நிஜமான மிருகமோ, போப்பாண்டவருக்குக் காணிக்கையாகப் போகும் வழியில் 1516இன் தொடக்கத்தில் இத்தாலிக் கரைக்கு அருகே கப்பலோடு மூழ்கிப் போயிற்று. நம் நாட்டிலிருந்து போன அந்த வாயில்லா ஜீவனை நினைத்து எனக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது.

அந்தக் காலத்து நூரெம்பர்க் அச்சுத் தொழிலுக்கும் பெயர் போனது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று வாதித்த கோபர்னிகஸின் நூல் 1543இல் அச்சானது இங்கேதான்.

அங்கிருந்து கோட்டைக்கு ஏறினோம். கோட்டையில் என் மனத்தைக் கவர்ந்தது மாளிகை அல்ல, கிணறு. பாறையைக் குடைந்து சுமார் ஐம்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியிருக்கிறார்கள். வழிகாட்டி ஒரு தட்டில் மெழுகுவர்த்திகளை ஏற்றி உள்ளே இறக்கினாள். வெளிச்சம் சிறுத்துச் சிறுத்து ஒரு நக்ஷத்திரமாயிற்று. பிறகு ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தாள். ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்த பிறகே அடியிலிருந்து 'சளார்' என்ற சத்தம் வந்தது. எஞ்சினீயர் உடனே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டு, "ஆழம் சரிதான், ஸார்!" என்று அத்தாட்சிப் பத்திரம் வழங்கினார்.

சாயங்கால வெயிலில் கோட்டைத் திட்டிலிருந்து பார்த்தபோது ஊர் முழுவதும் செவ்வோட்டுக் கூரைகளாய்த் தெரிந்தது. இரட்டைக் கோபுரங்களுடன் இரண்டு தேவாலயங்கள் நதிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக எழுந்து நின்றன. எஞ்சினீயர் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஏதோ சரியாயில்லையே! கூரையெல்லாம் பழைய சாய்வு; சுவரெல்லாம் புதிதாயிருக்கிறதே!" என்றார்.

அவருடைய கண் பொய் சொல்லவில்லை. 1945 ஜனவரி 2ஆம் தேதி இரவு பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் பழைய ஊரில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நாசமாயிற்று. சுமார் 1,800 பேர் மாண்டார்கள். லக்ஷம் பேர் வீடிழந்தார்கள். ஆசிரியையின் தாயார் அப்போது பதினாறு வயதுப் பெண். நாங்கள் நின்ற குன்றுக்குக் கீழேயே, பீர் பீப்பாய்கள் வைப்பதற்காகப் பழங்காலத்தில் பாறையில் குடைந்த நிலவறைகளில் ஜனங்களோடு ஜனமாக ஒளிந்திருந்தாராம். மறுநாள் காலையில் வெளியே வந்தபோது தெரு எது, வீடு எது என்று தெரியவில்லையாம். அதே குன்றின் அடியில் இன்னொரு நிலவறையில் கலைப் பொருள்கள் பத்திரமாயிருந்தன. வைட் ஷ்டோஸ் என்ற சிற்பி 1518இல் முடித்த மரச் சிற்பத்தைத் தேவாலயத்திலிருந்து இறக்கி அங்கே வைத்திருந்தார்கள். கடைவீதியிலுள்ள 'அழகிய நீரூற்று' என்னும் கோபுரத்தைச் சுற்றிக் கான்க்ரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். அவையெல்லாம் பிழைத்தன. அடுத்த தேசமான போலந்தின் க்ராகோ நகரத்துத் தேவாலயத்திலிருந்து கொள்ளையடித்து வந்த பெரிய பீடமும் அதே நிலவறையில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1946இல் அது சொந்த ஊருக்குத் திரும்பிற்று.

இடிபாட்டை அள்ளிய பிறகு ஊரை எப்படிக் கட்டுவது என்று பெரிய விவாதம் நடந்தது. சில ஜெர்மன் நகரங்கள் பழையதை மறந்துவிட்டு அகலமான சாலைகளும் சதுரக் கட்டிடங்களும் போட்டுக்கொண்டன. நூரெம்பர்க்கோ பழைய தெருக்களின் வளைவு நெளிவுகளை அப்படியே வைத்துக்கொண்டது. முக்கியமான கட்டிடங்களைப் பழையபடியே எழுப்பினார்கள். மற்ற வீடுகளைப் புதிதாகக் கட்டினாலும், கூரையின் சாய்வும் கல்லின் நிறமும் பழமைக்கு ஒத்திருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆகையால் வெளியூரிலிருந்து வருகிறவனுக்கு ஒரு காயமும் கண்ணில் படுவதில்லை. நாள் முழுவதும் அந்த அழகில் சொக்கிப்போயிருந்த எனக்கு, இரவு படுக்கும்போது இந்த ஒன்று உறுத்திக்கொண்டேயிருந்தது. காயம் தெரியாமல் ஆற்றிவிடுவது வைத்திய சாஸ்திரத்தில் நல்ல காரியம். சரித்திரத்திலும் அப்படித்தானா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை தென்கிழக்குப் புறத்திலுள்ள ஏரிக்கரைக்குப் போனோம். அன்னங்கள் நீந்திக்கொண்டிருந்தன, தம்பதிகள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு உலாவினார்கள். ஏரிக்கு அப்பால் ரோமாபுரி மாளிகையைப்போல் வளைந்து நின்றது ஒரு பிரம்மாண்டமான கட்டிடம். ஐம்பதினாயிரம் பேர் உட்காருவதற்காக ஹிட்லர் ஆரம்பித்த சபா மண்டபம். மேற்கூரை போடுவதற்குள் யுத்தம் வந்துவிட்டது, அப்படியே நின்றுபோயிற்று.

1933 முதல் 1938 வரையில் வருஷந்தோறும் நாஜிக் கட்சியின் மகாநாடு இங்கே நடந்தது. லக்ஷக்கணக்கானவர்களைத் தேசமெங்குமிருந்து ரயிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். 1935 செப்டம்பர் 15ஆம் தேதி, அந்த வருஷத்து மகாநாட்டின்போதுதான், யூதர்களின் பிரஜா உரிமையைப் பறித்த நூரெம்பர்க் சட்டங்கள் நிறைவேறின. பழைய சக்கரவர்த்திகளின் வாரிசு தானே என்று காட்டிக்கொள்வது ஹிட்லரின் நோக்கம். 60 மீட்டர் அகலத்தில் கருங்கல் பாவிய ஒரு ராஜபாட்டை போட்டார்கள். அதன் நடுவில் நின்று பார்த்தால் நேர் எதிரே வெகு தூரத்தில் கோட்டை தெரியும்படி கோடு பிடித்திருக்கிறார்கள். நேற்று நாங்கள் கிணற்றை எட்டிப் பார்த்த அதே கோட்டை! பாட்டையில் அணிவகுப்பு நடக்கவேயில்லை. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கர் அதில் விமானம் இறக்கினார்கள். நாங்கள் போனபோது மோட்டார் வண்டிகள் நிறுத்தியிருந்தன.

சற்றுத் தள்ளி ஒரு சிறு ஏரியும் அதன் கரையில் புல் மூடிய ஒரு குன்றும் இருக்கின்றன. நாலு லக்ஷம் பேர் உட்காரும் விளையாட்டரங்கம் ஒன்றுக்கு 1937இல் அஸ்திவாரக் கல் நாட்டி, பள்ளம் தோண்டினார்கள். அரங்கம் வரவில்லை, ஊற்று நீர் வந்து நிரம்பிற்று. நச்சு வாயு கலந்த தண்ணீர். குளித்தால் ஆபத்து என்று பலகை வைத்திருக்கிறார்கள். குன்றோ இயற்கையான குன்று அல்ல. குண்டு விழுந்து இடிந்த பழைய நூரெம்பர்க்கின் கல்லும் மண்ணும் கொட்டிக் கொட்டி உயர்ந்தது. அந்த ஆடம்பரத்தின் பள்ளமும், அதனால் வந்த நாசத்தின் மேடும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இதை எந்தச் சிற்பியும் யோசித்துச் செய்யவில்லை.

கடைசியாக ஸெப்பலின் மைதானம். 1909இல் ஸெப்பலின் பிரபுவின் ஆகாயக் கப்பல் இறங்கியதால் ஏற்பட்ட பெயர். ஒரு பக்கம் முழுவதும் சுமார் 360 மீட்டர் நீளத்துக்குக் கல் படிக்கட்டு; நடுவில் ஒரு மேடை. ஆல்பர்ட் ஷ்பேர் என்பவன் பழைய கிரேக்கப் பலிபீடம் ஒன்றைப் பார்த்துத் திட்டம் போட்டது. உச்சியிலிருந்த ஸ்வஸ்திகத்தை 1945 ஏப்ரலில் அமெரிக்கர் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நம் வீடுகளில் மங்களச் சின்னமாகப் போடும் கோலத்தை அந்தப் பாவிகள் என்ன கதிக்கு ஆளாக்கிவிட்டார்கள்! இரு புறமும் இருந்த தூண் வரிசைகளை 1967இல் நகரசபையே இடித்தது. "வெடிச் சத்தம் எனக்கு ஞாபகமிருக்கிறது. எதற்காக என்று அம்மாவைக் கேட்டேன். 'பழைய கல், இற்றுப்போய்விட்டது' என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றார் ஆசிரியை.

இப்போது படிகளின் இடுக்கில் புல் முளைத்திருக்கிறது. ஒரு பையன் சுவரில் பந்தடித்துக் கொண்டிருந்தான். வெளியூரார் சிலர் நடு மேடையில், ஹிட்லர் நின்ற இடத்திலேயே ஏறி நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். எஞ்சினீயரும் ஏறினார். "நீங்களும் வாருங்கள், மாமா என்று என்னைக் கூப்பிடச் சொல்லாதீர்கள். நான் வரமாட்டேன்" என்று டாக்டர் அம்மாள் கீழ்ப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நானும் அவளோடு உட்கார்ந்தேன். நேற்றைய கேள்விக்கு விவாதம் அங்கேதான் மூண்டது.

எஞ்சினீயர் இறங்கி வந்து, "இதை எதற்காக வைத்திருக்க வேண்டும்? இடித்துத் தள்ளிவிட்டு மரம் நட்டால் என்ன? மட்டமான வேலை, ஸார்! மேலே பளபளப்பான கல், உள்ளே செங்கல். மழைத் தண்ணீர் இறங்கி உளுத்துக் கொண்டிருக்கிறது. இதைக் காப்பாற்றப் பணம் செலவழிப்பது ஹிட்லருக்கு சிராத்தம் செய்வதுபோல்!" என்றார்.

"வைத்தியக் கல்லூரியில் கெட்டுப்போன ஈரலையும் புற்று வைத்த நுரையீரலையும் கண்ணாடிச் சாடியில் போட்டு வைத்திருக்கிறோமே, அது ஈரலுக்குச் செய்யும் பூஜையா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். "பார்த்தால்தான் அடுத்த தடவை அடையாளம் தெரியும். ஆனால் சாடியைத் திறந்து உள்ளே இறங்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ள மாட்டோம்!"

நண்பர் வாயடைத்துப் போனார். ஆசிரியை சிரிக்கவில்லை. இந்த மாதிரிக் கட்டிடங்களுக்கெல்லாம் கருங்கல் வெட்டித் தந்தவர்கள் ஃப்ளாஸன்பூர்க் முதலிய முகாம்களில் அடைபட்ட கைதிகள் என்பதைச் சொன்னார். மகாநாட்டுத் தொண்டர்கள் தங்கிய இடம் என்ன ஆயிற்று என்பதையும் சொன்னார். 1941 நவம்பர் 29ஆம் தேதி, இந்த மைதானத்தையொட்டிய முகாமில் சேர்த்து வைத்திருந்த சுமார் ஆயிரம் யூதர்களைப் பக்கத்து ரயில் நிலையத்தில் ஏற்றி ரிகா நகருக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் வெகு சொற்பம். மகாநாட்டுக் கூட்டத்துக்காகப் போட்ட ரயில் நிலையம் அது. "என் மாணவர்களை வருஷாவருஷம் இங்கே அழைத்து வருகிறேன். முதலில் அந்தப் பையனைப்போல் பந்தடிப்பார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். பிறகு உட்கார வைத்து, 'இந்தப் படியில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள், எண்ணிச் சொல்லுங்கள்' என்பேன். எண்ணி முடிப்பதற்குள் அவர்களே பேச்சை நிறுத்திவிடுவார்கள்" என்றார்.

நான் டாக்டர் அம்மாளின் கட்சி. பழைய ஊரை அவ்வளவு அழகாகத் திரும்பக் கட்டியிருக்கும்போது, இந்த அவலக்ஷணமும் இருந்தே தீரவேண்டும். இல்லாவிட்டால் அழகிய ஊரின்மேல் யாரோ அநியாயமாகக் குண்டு போட்டார்கள் என்பது மட்டுந்தான் மிஞ்சும். இன்னொரு காரணமும் உண்டு. அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ராக்ஷஸர்களல்ல. ஆசிரியைகளும் தபால்காரர்களும் கடைக்காரர்களுந்தான். தாங்கள் செய்வது தேசபக்தி என்றே அவர்கள் பரிபூரணமாக நம்பினார்கள். தேசபக்தி என்ற சொல்லைத் தினமும் உச்சரிக்கும் நம்மைப் போன்றவர்கள் அந்தக் கல்லின்மேல் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

நகரசபையும் ஏறக்குறைய இதே முடிவுக்கு வந்திருக்கிறது. ஸெப்பலின் மைதானத்தை அலங்காரமாகப் புதுப்பிப்பதில்லை, இடியவும் விடுவதில்லை, உள்ளபடியே நிறுத்தி வைப்பது என்று தீர்மானித்து, 2019இல் சுமார் எட்டரைக் கோடி யூரோ செலவுக்குத் திட்டம் வகுத்தார்கள். சபா மண்டபத்தின் ஒரு சிறகில் 2001 முதல் சரித்திரக் காட்சிசாலை ஒன்று ஏற்பட்டிருக்கிறது; சுவர்களைக் குறுக்கே ஈட்டியால் குத்தியதுபோல் இரும்பும் கண்ணாடியுமான ஒரு நடைபாதையைச் செருகியிருக்கிறார்கள். மண்டபத்தின் நடு முற்றத்தில் நகரத்து இசை நாடகக் குழுவுக்குத் தற்காலிக அரங்கம் அமைப்பது என்றும் பின்னால் முடிவாயிற்று. இந்தக் கடைசி யோசனை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பாட்டு எங்கே வேண்டுமானாலும் பாடலாம். அந்த முற்றம் வெறிச்சென்று கிடப்பதிலேயே ஓர் அர்த்தம் இருந்தது.

பிற்பகலில் நீதி மாளிகைக்குப் போனோம். பாதாள ரயிலில் போகும்போது எஞ்சினீயருக்கு ஒரு பரமானந்தம் கிட்டியது. ஜெர்மனியின் முதல் ரயில் 1835 டிசம்பர் 7ஆம் தேதி நூரெம்பர்க்கிலிருந்து அடுத்த ஊரான ஃப்யூர்த்துக்கு ஓடிற்று. 'கழுகு' என்ற அந்த இஞ்சினை ஸ்டீபன்ஸன் கம்பெனியார் இங்கிலாந்திலிருந்து செய்து அனுப்பினார்கள். நாங்கள் போனது ஏறக்குறைய அதே தடம்!

நீதி மாளிகையில் 600ஆம் எண்ணுள்ள கூடம், நான் நினைத்ததைவிடச் சிறியது. கருமரப் பலகை அடித்த சுவர், பச்சைச் சலவைக்கல் வாசல். நாஜித் தலைவர்களின் வழக்கு 1945 நவம்பர் 20ஆம் தேதி இங்கே ஆரம்பித்து 218 நாள் விசாரணை நடந்தது. 21 பேர் கூண்டில் இருந்தார்கள். தப்பியோடிய ஒருவனையும் சேர்த்து 22 பேருக்குத் தீர்ப்பு. 12 பேருக்கு மரண தண்டனை. 7 பேருக்குச் சிறை. 3 பேருக்கு விடுதலை. தீர்ப்பைப் படிக்கத் தொடங்கியது 1946 செப்டம்பர் 30ஆம் தேதி. நாங்கள் அங்கே நின்றதும் ஒரு செப்டம்பர் 30ஆம் தேதிதான் என்பதை ஆசிரியை சொல்லித்தான் உணர்ந்தோம். இங்கிலீஷ், பிரெஞ்சு, ரஷ்யன், ஜெர்மன் என்று நாலு பாஷைகளில் உடனுக்குடன் மொழிபெயர்த்துக் காதுக் கருவியில் கேட்கச் செய்தார்கள். பேசுகிறவர் வேகமாகப் போனால் மஞ்சள் விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் நிறுத்தவேண்டும். இந்த விளக்குகளை நம் சட்டசபைகளுக்கும் சங்கீத சபைக் காரியதரிசிகளுக்கும் சிபாரிசு செய்கிறேன்.

"ஜயித்தவன் தோற்றவனை விசாரிப்பது நியாயமா, ஸார்?" என்று எஞ்சினீயர் பழைய கேள்வியைக் கிளப்பினார். நியாயமான கேள்விதான். 1939இல் ஹிட்லரோடு சேர்ந்து போலந்தைப் பங்கு போட்டுக்கொண்ட ரஷ்யாவின் பிரதிநிதியும் அங்கே நீதிபதி. அக்கிராசனம் வகித்தவர் பிரிட்டிஷ்காரர். அப்போது நம் தேசம் பிரிட்டிஷ் பிடியில் இருந்தது. 1943இல் வங்காளத்தில் பஞ்சத்தால் லக்ஷக்கணக்கானவர்கள் மாண்டதற்கு எந்தக் கூண்டிலும் யாரும் ஏறவில்லை. ஜப்பானியத் தலைவர்களை டோக்கியோவில் விசாரித்த மன்றத்தில் நம்முடைய ராதாபினோத் பால் 1948இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதியதன் சாரமும் இதுதான். ஆனால் அந்த 22 பேரையும் விசாரணையில்லாமல் சுட்டுத் தள்ளியிருந்தால், அவர்களே கையெழுத்திட்ட கட்டளைகளும் கணக்குப் புஸ்தகங்களும் உலகத்தின் முன் வந்திருக்குமா? 'நடக்கவேயில்லை' என்று சாதிக்கிறவர்களுக்கு அந்தக் கட்டுக் கட்டான தஸ்தாவேஜுகள்தான் பதில். அந்தக் கூடத்தில் நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உண்மை பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், 1852இல் ஸ்தாபித்த ஜெர்மானியத் தேசியக் காட்சிசாலையில் நுழைந்து நேராக ஒரே ஒரு பொருளிடம் போனோம். மார்ட்டின் பேஹைம் என்ற நூரெம்பர்க்காரர் 1492க்கும் 1494க்கும் இடையில் செய்வித்த பூகோள உருண்டை. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் உருண்டைகளில் மிகப் பழையது. கொலம்பஸ் கண்ட செய்தி அதில் ஏறவில்லை. ஐரோப்பாவிலிருந்து மேற்கே விரலை நகர்த்திக்கொண்டே போனால் கடலும் தீவுகளும், பிறகு நேரே ஆசியா!

காட்சிசாலையின் வாசல் தெருவுக்கு 'மனித உரிமைத் தெரு' என்று பெயர். இஸ்ரேல் தேசத்துச் சிற்பி டானி கரவான் 1993இல் அமைத்தது. வெள்ளைத் தூண்கள் எட்டு மீட்டர் உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஐக்கிய நாடுகள் 1948இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் ஒவ்வொரு ஷரத்தும் ஜெர்மனிலும் வேறொரு பாஷையிலும் ஒவ்வொரு தூணில் பொறித்திருக்கிறது. 1995 முதல் நகரத்தார் இதையொட்டி ஒரு பரிசும் அளித்து வருகிறார்கள். 2003இல் அதை ஓர் இந்தியரும் ஒரு பாகிஸ்தானியரும் சேர்ந்து பெற்றார்கள்.

எஞ்சினீயர் வழக்கம்போல் எண்ணத் தொடங்கினார். பிரகடனத்தில் ஷரத்துகள் முப்பது, தூண்களோ இருபத்தேழு. மறுபடியும் எண்ணினார். "மூன்று குறைகிறது! கணக்கில் பிசகு!" என்று கூவினார்.

"காலடியில் பாருங்கள்" என்றார் ஆசிரியை. தரையோடு தரையாக வட்டமான தகடு ஒன்று தெரிந்தது. பூமிக்குள் புதைந்த தூணின் தலை அது. அப்படி இரண்டு. எஞ்சினீயர் ஒன்றின்மேல்தான் நின்றுகொண்டிருந்தார். சட்டென்று நகர்ந்துகொண்டார்.

"அப்படியும் ஒன்று குறைகிறதே?"

வரிசையில் தூணைப்போலவே நெட்டையாக வளர்ந்து நின்ற ஓர் ஓக் மரத்தை டாக்டர் அம்மாள் சுட்டிக்காட்டினாள். நண்பர் மரத்தண்டைப் போய்ச் சுற்றிவந்து, அதையும் தம் குறிப்புப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டார். பிறகு மதிலைத் தாண்டி ஸ்டேஷனுக்கு நடந்தோம்.